தொண்ணூற்றொரு சதவீதம்

மூளையில் ரத்தக்குழாய் அடைத்து இருபத்தேழு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த சந்தியாகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வீடு திரும்பினார். கதவு திறக்கவில்லை.

ஆட்டோக்காரர் கைத்தாங்கலாக இரண்டாம் மாடி வரை கூட்டிவந்து, பையையும் வைத்துவிட்டுப் போயிருந்தார். சந்தியாகு கதவுக்கு முன்னால் நின்றார். வழக்கமாக அவர் படியேறி முடிக்கும்போதே நடைவழிக் கூரையில் இருக்கும் வெள்ளைப் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். அவர் வாசலை அடைவதற்குள் தாழ்ப்பாள் விலகியிருக்கும். இன்று ஆரஞ்சு விளக்கு எரிந்தது. பின்னால் போய், இடது காலை இழுத்துக்கொண்டு மறுபடி நடந்துவந்தார். ஆரஞ்சு. மூன்றாவது தடவைக்குப் பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார்.

பதினைந்து நிமிடம் கழித்து அமலோற்பவத்தின் கைக்கணினியில் செய்தி வந்தது. மூன்றாம் பிளாக், இரண்டாம் மாடி, பதிவில்லாத உடல்.

உப்பாற்று நகரின் ஆறு பிளாக்குகளிலும் இருக்கும் பெட்டிகளைப் பராமரிப்பது அமலோற்பவத்தின் வேலை. தூத்துக்குடியில் கடல் நான்கு தெருக்களை எடுத்துக்கொண்ட பிறகு, அந்தத் தெருக்காரர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு அது. அவளும் அந்தத் தெருக்காரிதான். நாற்பத்தொரு வயது. கணவர் கொச்சியில் கப்பல் பட்டறையில் இருந்தார். பிளாக்குகளில் எல்லோரும் அவளை அமலி என்றே கூப்பிட்டார்கள்.

அவள் வந்தபோது சந்தியாகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் தோணியில் மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் போய்வந்த மனிதர். மனைவி இறந்து ஆறு வருஷம். பிள்ளைகள் இல்லை.

"மாமா, எப்ப வந்தீங்க? ஆளே பாதியாப் போயிட்டீங்களே."

"பெட்டி கெட்டுப்போச்சா பாரு அமலி." நாக்கு குழறியது. வாயின் ஒரு ஓரம்தான் அசைந்தது.

அவள் ஏணி போட்டு ஏறிப் பார்த்தாள். பெட்டியில் ஒரு குறையும் இல்லை. கைக்கணினியில் அவருடைய பதிவைத் திறந்து, அவரை நாலு அடி நடக்கச் சொன்னாள். திரையில் இரண்டு கோடுகள் ஓடின. ஒன்று பழைய சந்தியாகு, இன்னொன்று இப்போது நடப்பவர். கீழே எண் வந்தது. தொண்ணூற்றொன்று புள்ளி நாலு.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு மாமா," என்றாள். சொல்லக் கஷ்டமாக இருந்தது. "உங்களத்தான் அதுக்கு அடையாளம் தெரியல."

"என்னத் தெரியலயா? அஞ்சு வருஷமா எனக்குத்தான திறக்கு?"

"அதுக்கு மொகம் தெரியாது மாமா. இந்தப் பெட்டி வீடு பூரா ரேடியோ அலை விடுது. நீங்க நடந்தா, மூச்சு விட்டா அந்த அலை உங்க உடம்புல பட்டு வளையும். அந்த வளைவுதான் உங்க சாவி. முன்னாடியெல்லாம் வைஃபைக்கு பாஸ்வேர்டு போட்டோம்ல, அது மாதிரி. வயசாகிக் கொஞ்சம் கொஞ்சமா நடை மாறினா, தினமும் பாத்துப் பாத்து அதுவே பழகிக்கிடும். நீங்க ஒரு மாசம் இல்லாம இருந்துட்டு, வேற ஆளா வந்து நிக்கீங்க. நூத்துக்குத் தொண்ணூத்தேழு ஒத்துப்போகணும். உங்களுக்குத் தொண்ணூத்தொண்ணுதான் வருது."

சந்தியாகு தன் இடது கையைப் பார்த்தார். அது மடியில் வேறு யாருடைய கையையோ போலக் கிடந்தது.

"அப்ப நான் யாரு?" என்று கேட்டார்.

அமலி ஏரியா என்ஜினியர் கதிரேசனுக்குப் போன் செய்தாள்.

கதிரேசன் கெட்டவர் அல்ல. முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "புதுப் பதிவு போடணும்னா, பழைய பதிவுக்காரரு பெட்டி முன்னால அங்கீகாரம் ஆன நிலையில நின்னு சம்மதம் கொடுக்கணும், அமலோற்பவம். அதான் விதி."

"சார், அவருக்கு அங்கீகாரமே ஆகலங்கிறதுதானே பிரச்சினை. அவருதான்னு பெட்டி சொன்னாத்தான், அவரு மாறிட்டாருன்னு எழுத முடியும்னா எப்படி சார்?"

"தெரியுது."

"ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கு. அடையாள அட்டை இருக்கு. இங்க எல்லாருக்கும் அவரத் தெரியும். நானே சாட்சி சொல்லுதேன்."

"சாட்சி முறையத்தான் எடுத்தாச்சே. ஏன் எடுத்தாங்கன்னு உங்களுக்கே தெரியும். மருத்துவக் குழுவுக்கு எழுதிப் போடுங்க. நாப்பத்தஞ்சு நாள் ஆகும்."

"அறுபது நாள் ஆளில்லாம கிடந்தா வீட்டை அடுத்தவங்களுக்கு ஒதுக்கிருவாங்க சார். இருபத்தேழு நாள் ஏற்கனவே போயிருச்சு."

"எழுதிப் போடுங்க," என்றார் மறுபடி.

சாட்சி முறை போனதற்கான காரணம் அந்த மாடியிலேயே, சந்தியாகுவின் எதிர் வீட்டிலேயே இருந்தது. அங்கே ரெஜினா தன் ஏழு வயது மகள் ஜெசிந்தாவோடு குடியிருந்தாள். இறால் பதப்படுத்தும் கம்பெனியில் காலை ஷிப்ட். அவள் கணவன் கில்பர்ட் அடிப்பதைத் தாங்க முடியாமல் பிரிந்து, வீட்டுப் பட்டியலிலிருந்து அவன் பதிவை நீக்கியிருந்தாள். அப்போதெல்லாம் இரண்டு பேர் சாட்சி சொன்னால் யாரையும் பட்டியலில் சேர்க்கலாம். கில்பர்ட் இரண்டு கூட்டாளிகளைக் கூட்டிவந்து சாட்சி சொல்ல வைத்துத் தன்னைச் சேர்த்துக்கொண்டான். அன்று சாயங்காலம் பெட்டி அவனுக்குப் பச்சை விளக்கு காட்டியது. ரெஜினா பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வலது கையில் இரண்டு விரல்கள் இன்னும் மடங்காது. அதற்குப் பிறகுதான் ஆறு பிளாக்குப் பெண்களும் சேர்ந்து, சாட்சி முறையே கூடாது என்று மனுப் போட்டார்கள். கலெக்டர் ஆபீஸில் நாலு மாதம் அலைந்து ஜெயித்தார்கள். கில்பர்ட் அந்த வீட்டுப் படியேறக் கூடாது என்று கோர்ட்டும் உத்தரவு போட்டது; புதன்கிழமைகளில் பள்ளிக்கூடத்தில் வைத்து மகளைப் பார்த்துக்கொள்ள மட்டும் அனுமதி. அதன் பிறகு ரெஜினாவுக்கு அந்தப் பெட்டிதான் காவல்.

முதல் மூன்று நாள் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் சந்தியாகுவை முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பதிவில்லாத விருந்தாளி ஒரு வீட்டில் நாலு மணி நேரம்தான் இருக்கலாம்; அதற்கு மேல் இருந்தால் அந்த வீட்டுப் பதிவே முடங்கும். ஆகவே காலையில் ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு. பொழுது சாய்ந்தால் பங்குக் கோயில் பள்ளிக்கூடத்து வராந்தாவில் படுத்துக்கொண்டார். நாலாம் நாள் ஒரு வீட்டில் உறவுக்காரர்கள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். ஐந்தாம் நாள் இன்னொரு வீட்டில் யாரும் கதவருகே வரவில்லை. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அவரைக் கழிவறைக்குக் கூட்டிப்போக வேண்டும், சோறு பிசைந்து கொடுக்க வேண்டும், சட்டை மாற்றிவிட வேண்டும்.

ரெஜினாவின் வீட்டுக்குள் மட்டும் அவர் போக முடியாது. கோர்ட் உத்தரவு இருக்கும் வீட்டில் விருந்தாளியே கூடாது. அவள் தட்டைக் கொண்டுவந்து படியிலேயே வைத்து ஊட்டினாள்.

ஆறாம் நாள் சந்தியாகு படியிலிருந்து சரிந்து விழுந்தார். நெற்றி கிழிந்தது. கீழ்த்தளத்து மருந்து இயந்திரமும் அதே பெட்டியைக் கேட்டுத்தான் மாத்திரை தரும். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்ட மாத்திரை முந்தின நாளே தீர்ந்துபோயிருந்தது. வெளிக்கடையில் வாங்கிவந்து கொடுத்த அமலி, அவர் நெற்றிக்குக் கட்டுப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். வேலை முடிந்து வந்த ரெஜினா, தலைமுடியில் இறால் வாடையோடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த மனுவுல மொத கையெழுத்து என்னோடதுக்கா," என்றாள். "இவுக இப்படிப் படியில கெடக்கதுக்கு நான்தான் காரணம்னு தோணுது. சோறு எறங்கல."

"நீ என்ன பண்ணுவ? உன் நெலம அது."

"ஒண்ணும் செய்ய முடியாதாக்கா?"

செய்ய முடியும். ஆறு நாளாக அமலியின் மனதில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. மாடிக்கு ஒரு பெட்டி. அந்தப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், அங்கீகார முறை என்று ஒரு வரி இருக்கும். பழைய முறைகளான கடவுச்சொல்லும் சான்றிதழும் தொட முடியாதபடி மங்கலாகத் தெரியும். அதற்குக் கீழே ஒப்புமை அளவு. ஆன்டெனா சோதிக்கும்போது அதைக் குறைக்க டெக்னீஷியனுக்கு உரிமை உண்டு. ஒரு மணி நேரத்தில் அதுவாகவே தொண்ணூற்றேழுக்குத் திரும்பிவிடும். ஆனால் 'ஆன்டெனா பழுது, பாகம் வர வேண்டும்' என்று காரணம் எழுதினால் முப்பது நாள் வரை அப்படியே நிற்கும்.

"அளவைத் தொண்ணூத்தொண்ணுக்குக் கொறச்சா இவருக்குத் திறக்கும்," என்றாள் அமலி. "ஒரு மாசம் உள்ள நடமாடினார்னா பெட்டி இவரோட புது நடையப் பழகிக்கிடும். பெறகு அளவ ஏத்திரலாம். ஆனா அளவு ஒரு கதவுக்குன்னு தனியாக் கெடையாது ரெஜினா. இந்த மாடியில எட்டு வீட்டுக்கும் சேத்துத்தான்."

ரெஜினாவுக்குப் புரிந்தது. கொஞ்ச நேரம் விரலைப் பிடித்து நீவிக்கொண்டே இருந்தாள்.

"அவன் வர முடியுமா?"

"பாத்துட்டுச் சொல்லுதேன். பாக்காம தொட மாட்டேன்."

நீக்கப்பட்ட பதிவுகளைப் பெட்டி அழிப்பதில்லை. அமலி கில்பர்ட்டின் பழைய பதிவை எடுத்தாள். ரெஜினாவின் வீட்டுப் பட்டியலில் இருப்பது இரண்டே பேர். ரெஜினாவோடு ஒப்பிட்டாள்: அறுபத்தொன்று. ஜெசிந்தாவோடு ஒப்பிட்டாள்: முப்பத்தெட்டு. அவன் வேகமாக நடந்தால், மெதுவாக நடந்தால், குடித்திருந்தால் என்று மூன்று விதமாகவும் ஓட்டிப் பார்த்தாள். எதுவும் அறுபத்தைந்தைத் தாண்டவில்லை. திரையை ரெஜினாவிடம் காட்டினாள்.

"தொண்ணூத்தொண்ணு எங்க, இது எங்க. அவனால வர முடியாது."

ரெஜினா எண்களைப் பார்த்தாள். பிறகு படியில் தூங்கிப்போயிருந்த சந்தியாகுவைப் பார்த்தாள்.

"அப்ப வைங்கக்கா," என்றாள்.

அமலி அளவை மாற்றினாள். காரணம் கேட்ட இடத்தில் ஆன்டெனா பழுது என்று எழுதினாள். சந்தியாகுவை எழுப்பி நடக்கச் சொன்னாள். அவர் நாலாவது அடி வைத்தபோது பச்சை விளக்கு எரிந்தது. தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டதும் அந்த மனிதர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அடுத்த பத்து நாளும் நன்றாகவே போயின. சந்தியாகு தன் கட்டிலில் படுத்தார். இயந்திரம் மாத்திரை கொடுத்தது. அமலி தினமும் வந்து எண்ணைப் பார்த்தாள். தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றிரண்டு புள்ளி ஐந்து, தொண்ணூற்று மூன்று. பெட்டி அவரைக் கற்றுக்கொண்டிருந்தது.

பதினோராம் நாள் புதன்கிழமை. சாயங்காலம் நாலு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு ரெஜினாவின் வீட்டுக் கதவு திறந்தது. கில்பர்ட் ஜெசிந்தாவைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

எதிர் வீட்டில் இருந்த சந்தியாகு சத்தத்தைக் கேட்டார். முதலில் வாக்குவாதம், பிறகு பாத்திரம் உருளும் சத்தம், பிறகு ரெஜினாவின் குரல். அவர் எழுந்து, தன் கதவைத் தாண்டி, ஐந்தடி அகலமுள்ள நடைவழியைக் கடக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் ரெஜினாவின் கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டுவிட்டது. அவர் வலது கையால் அடித்தார். கத்தினார். அந்த நேரத்தில் மாடியில் முக்கால்வாசிப் பேர் வேலையில் இருந்தார்கள். இருந்த ஒருவரும் கிழவர் ஏதோ உளறுகிறார் என்று நினைத்தார்.

'கதவில் தொடர்ந்து அடி' என்று அமலிக்குச் செய்தி வந்தபோது அவள் ஐந்தாம் பிளாக் மொட்டைமாடியில் இருந்தாள். ஓடிவர ஏழு நிமிடம் ஆனது. படியேறும்போது கில்பர்ட் எதிரே இறங்கி வந்தான். சட்டையெல்லாம் ரத்தம். அவளைத் தாண்டிப்போய், கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டான். போலீஸ் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

ரெஜினா சமையலறையில் கிடந்தாள். உயிர் இல்லை. ஜெசிந்தா குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் நின்றிருந்தாள். அமலி அவளைத் தூக்கியபோது அவள் உடம்பு பலகை மாதிரி விறைத்திருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள், அமலி பிளாக் அலுவலக அறையைச் சாத்திக்கொண்டு, நாலு மணி பன்னிரண்டு நிமிடத்துப் பதிவை எடுத்துப் பார்த்தாள். அதில் ஒரு உடம்பு இல்லை. இரண்டு உடம்புகளின் அலை ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. இரண்டு மூச்சு, நடப்பது ஒரு ஜோடிக் கால். பெட்டி அதைப் பிரிக்கத் தெரியாமல், பட்டியலில் இருந்த குழந்தையின் உடம்பாகவே எடுத்துக்கொண்டிருந்தது. கில்பர்ட்டை அவள் மூன்று விதமாகச் சோதித்திருந்தாள். மகளைத் தூக்கிக்கொண்டு வந்தால் என்னவாகும் என்று பார்க்கவில்லை. அது தோன்றவே இல்லை.

ஒப்புமை தொண்ணூற்றொன்று புள்ளி இரண்டு.

அளவு தொண்ணூற்றேழாக இருந்திருந்தால் கதவு அசைந்திருக்காது. தொண்ணூற்றொன்றரையாக இருந்திருந்தாலும் அசைந்திருக்காது. சந்தியாகு தொண்ணூற்று மூன்றுக்கு வந்த அன்றே அளவைத் தொண்ணூற்றிரண்டரைக்கு ஏற்றியிருக்கலாம். முப்பது நாள் இருக்கிறதே என்று விட்டிருந்தாள். அமலி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கதிரேசன் விசாரணை அறிக்கையோடு வந்தார். அதில் நாலே வரிகள். பதிவு செய்யப்பட்ட குழந்தையின் உடல் அங்கீகரிக்கப்பட்டுக் கதவு திறந்தது. குழந்தையின் மூலமாகத் தந்தை உள்ளே நுழைந்தார். கருவியில் பிழை இல்லை. அமைப்பில் பிழை இல்லை.

"அமைப்புல பிழை இருக்கு சார்," என்றாள் அமலி. "நான் தொண்ணூத்தொண்ணுல வச்சிருந்தேன். ஆன்டெனா பழுதுன்னு பொய் எழுதினேன்."

"தெரியும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பாகம் வேணும்னு எழுதிட்டு யாரும் பாகத்துக்கு அனுப்பலன்னா எனக்குத் தெரியாதா? வடக்க விளாத்திகுளத்துல இருந்து தெக்க திருச்செந்தூர் வரைக்கும் என் ஏரியாவுல இருபது டெக்னீஷியன் இப்படித் தளர்த்தி வச்சிருக்காங்க. நிறைமாசப் பொண்ணுங்களுக்காக, கால் எடுத்தவங்களுக்காக, கீமோ போட்டு எலும்பும் தோலுமா வர்றவங்களுக்காக. எல்லாம் எனக்குத் தெரியும். நான் தெரியாத மாதிரி இருக்கேன். நீங்க இத எழுதிக் கொடுத்தீங்கன்னா, மறுநாளே எல்லாப் பெட்டியையும் தொண்ணூத்தொம்பதுல பூட்டி, உங்க கையில இருக்குற உரிமையையும் புடுங்கிருவாங்க. அவங்க எல்லாரும் படியில உக்காருவாங்க. அத யோசிச்சுப் பாருங்க."

"குழந்தை திறந்துச்சுன்னு எழுதியிருக்கு சார்."

"ஏழு வயசுப் பிள்ளை அறிக்கை படிக்காது."

"ஒரு நாள் படிப்பா. பள்ளிக்கூடத்துல யாராவது சொல்லுவாங்க. பெரியவளானா அவளே கேட்டு வாங்கிப் படிப்பா. ஆயுசு பூரா அந்த ஒரு வரி அவகூட இருக்கும்."

கதிரேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் சொல்றதச் சொல்லிட்டேன், அமலோற்பவம். செய்யறது உங்க இஷ்டம்."

அன்று மத்தியானம் சந்தியாகு அவளைக் கூப்பிட்டனுப்பினார். போனபோது, துணிமணிகளை ஒரு கையாலேயே பையில் திணித்து முடித்திருந்தார். தான் கிளம்புவதாகச் சொன்னார். பங்குச் சாமியார் ஆதரவற்றோர் இல்லத்தில் ஒரு கட்டிலுக்குச் சொல்லிவிட்டாராம். அது சுனாமிக்கு முன்னால் கட்டிய பழைய கட்டிடம். அங்கே பெட்டி கிடையாது.

"இன்னும் ரெண்டு வாரம் இருந்தா பெட்டி உங்கள முழுசாப் பழகிரும் மாமா. வீடு உங்க வீடு."

அவர் தலையை ஆட்டினார். வார்த்தையைத் தேடிப் பிடித்துப் பேசினார். "நான் கதவ அடிச்சேன் அமலி. எனக்குத் திறக்கல. எனக்காக அவனுக்குத் திறந்துச்சு." மூச்சு வாங்கினார். "நீ பழைய அளவ வச்சிரு. நான் வெளிய வந்த பெறகு வையி."

அவள் பையை எடுத்துக்கொண்டாள். இருவரும் நடைவழிக்கு வந்தார்கள். அமலி அளவைத் தொண்ணூற்றேழுக்கு ஏற்றினாள். பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. சந்தியாகு திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு மாடியும் இறங்கி முடிக்க அவர்களுக்கு இருபது நிமிடம் பிடித்தது.

திங்கட்கிழமை அமலி வாக்குமூலத்தை எழுதி அனுப்பினாள். தேதி, நேரம், எண், தான் எழுதிய பொய், சோதிக்காமல் விட்டது, ஏற்றாமல் விட்டது, எல்லாம். குழந்தைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்று கடைசியில் தனியாக ஒரு வரி எழுதினாள். அனுப்பும் முன் அந்த இருபது டெக்னீஷியன்களையும், அவர்கள் தளர்த்தி வைத்திருந்த கதவுகளையும் நினைத்தாள். அனுப்பினாள்.

கதிரேசன் சொன்னபடியே நடந்தது. செவ்வாய்க்கிழமை அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். புதன்கிழமை எல்லாப் பெட்டிகளும் தொண்ணூற்றொன்பதுக்குப் போயின. வியாழக்கிழமை காலை அமலி தன் பிளாக்கில் இறங்கும்போது, முதல் மாடிப் படியில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள். கீழே ஊன்றுகோலோடு ஒருவர். எதிர் பிளாக்கில் இன்னும் இரண்டு பேர். அவர்களுக்கு அவளை இன்னார் என்று தெரிந்திருந்தது. கர்ப்பிணிப் பெண், அவள் கடந்துபோக வழிவிடுவதற்காகக் காலை மடக்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அமலி வீரபாண்டியன்பட்டினத்துக்குப் பஸ் ஏறினாள். ஜெசிந்தா அங்கே ரெஜினாவின் அக்கா ஸ்டெல்லாவின் வீட்டில் இருந்தாள். சாவி போட்டுத் திறக்கும் சாதாரண வீடு. ஸ்டெல்லா வாசலில் நின்று அவளை வெகுநேரம் பார்த்தாள். வாக்குமூலத்தைப் பற்றி அவளும் கேள்விப்பட்டிருந்தாள்.

"எதுக்கு வந்திய?"

"பிள்ளைட்ட ஒரு விஷயம் சொல்லணும். சொல்லிட்டுப் போயிருதேன்."

"அவ யாருட்டயும் பேசுததில்ல." ஆனாலும் ஸ்டெல்லா விலகி வழிவிட்டாள்.

ஜெசிந்தா உள்ளறையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். அமலி எதிரே தரையில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துவந்த எதுவும் இப்போது நினைவில் இல்லை.

"ஜெசி, அன்னைக்கு உங்க வீட்டுக் கதவு திறந்துச்சுல்ல. நீ திறந்தேன்னு யாராவது சொன்னா நம்பாத. அத நான்தான் தெரியாம மாத்தி வச்சிட்டேன். நான் ஒழுங்கா வச்சிருந்தா திறந்திருக்காது. நான் பண்ணின தப்பு அது. உன் மேல ஒரு தப்பும் இல்ல. பெரிய ஆபீஸுக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கேன். புரியுதா?"

குழந்தை அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகப் பேசினாள்.

"அப்பா கீழயே என்ன விட்டுட்டுப் போறேன்னுதான் சொன்னாங்க."

அமலிக்கு முதலில் விளங்கவில்லை.

"வேன் வரல. அப்பாதான் கூட்டிட்டு வந்தாங்க. மேல வரக் கூடாது, நீ ஏறிப் போன்னு கீழ நின்னுட்டாங்க." அவள் பாயின் ஓரத்தை நகத்தால் பிரித்துக்கொண்டிருந்தாள். "எனக்குப் புது ஷூ கடிச்சுது. படி ஏற முடியல. நான்தான் தூக்கிட்டுப் போங்கன்னு அழுதேன்."

வெளியே ஸ்டெல்லா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"கதவு திறந்ததும் அப்பா பயந்துட்டாங்க. திறக்கும்னு அவங்களுக்கே தெரியாது. உள்ள அம்மா தூங்கிட்டு இருந்தாங்க."

"இத யாருட்டயாவது சொன்னியா?"

ஜெசிந்தா இல்லை என்று தலையசைத்தாள். "சொன்னா பெரியம்மா என்ன வச்சுக்கிட மாட்டாங்க."

அமலி பேச வாயைத் திறந்தாள். அளவு என்றும் எண் என்றும் மறுபடி சொல்லலாம். அந்த எண்ணை வைத்தது தான்தான் என்று ஆயிரம் தடவை சொல்லலாம். அத்தனை பேரைப் படியில் உட்காரவைத்து அவள் எழுதிய காகிதத்தில் இதற்கு ஒரு வரியும் இல்லை.

அவள் குழந்தையின் காலை மெல்ல இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குதிகாலுக்கு மேலே, காசளவுக்கு, புதுத் தோல் வெளுப்பாக மூடியிருந்தது.

"இப்ப வலிக்கா?"

"இல்ல," என்றாள் ஜெசிந்தா.

ஸ்டெல்லா காபியோடு உள்ளே வந்தபோதும் அமலி அந்தக் காலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா பெரியம்மாவைப் பார்த்தாள், பிறகு அமலியைப் பார்த்தாள். அமலி எதுவும் சொல்லவில்லை.